அசாமா மலையின் கீழ்ப்படிகள்

அந்த அக்கா ஒரு முறை தூக்கிய எதையும் போய்ச் சேரும்வரை கீழே வைக்க மாட்டார். அவர் மெல்பேர்னை விட்டுப் போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போதும் யாராவது அவரைப் பற்றிக் கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான். முகம் அடுத்ததாகத்தான் வரும்.

மெல்பேர்னின் புறநகரான டண்டினொங்கில் நாங்கள் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். வீடு கட்டப்போகிற மனையில் துளை போட்டு, அடியில் என்ன மண், என்ன பாறை, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று சொல்கிற சின்னக் கம்பெனி. நான் அங்கே வரைபடம் போடுகிறவன். மண் என்றதும் சென்ட் என்ன விலை என்று கேட்கிற திருநெல்வேலிக்காரன். அக்கா முறையாகப் படித்த நிலவியலாளர். கிளிநொச்சிப் பக்கம் பிறந்து, ஜப்பானுக்குப் போய் ஓர் எரிமலையை ஆராய்ச்சி செய்தவர். அவ்வளவு படித்தவர் எங்களோடு உட்கார்ந்து களிமண் சோதித்துக்கொண்டிருந்தார். இந்த நாட்டில் அது ஒன்றும் அதிசயமில்லை.

துளைத்தெடுத்த பாறையை நீளப் பெட்டிகளில் அடுக்கி லாபுக்குக் கொண்டுவருவோம். ஒரு பெட்டியை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும் என்று சுவரில் படத்தோடு எழுதி ஒட்டியிருக்கும். அக்கா அந்த அறிவிப்பை உரசிக்கொண்டு தனியாளாகப் பெட்டியோடு போவார். ஒரு நாள் லாப் கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவன் காபி வாங்கப் போயிருந்தான். பக்கத்திலேயே ஒரு மேசை காலியாகக் கிடந்தது. அக்கா மேசையைப் பார்த்தார், பெட்டியை வைக்கவில்லை. அவன் வரும்வரை அப்படியே சுமந்துகொண்டு நின்றார். மேனேஜர் வந்து, முதுகு போனால் இன்சூரன்ஸ்காரனுக்கு யார் பதில் சொல்வது என்று கத்தினார். அக்கா தலையாட்டினார். மறுநாளும் அதேதான் நடந்தது.

எனக்கு முதலில் இது வீம்பு என்றுதான் பட்டது. கடைவீதியில் அரிசி மூட்டையோடு பஸ்ஸுக்கு நிற்பார். காரை ஓரம் கட்டி, "கொடுங்க அக்கா, டிக்கியில போடறேன்" என்றால் தர மாட்டார். மூட்டையோடு ஏறி மடியில் வைத்துக்கொள்வார். பத்துக் கிலோ சம்பாவுக்கும் தனக்கும் சேர்த்து ஒரே சீட் பெல்ட்டை மாட்டிக்கொள்கிற மனுஷியை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அலுவலகத்தில் இதை நான் நடித்துக் காட்டுவேன். எல்லாரும் சிரிப்பார்கள், அக்காவும் சிரிப்பார்.

அவர் மேசையில் ஒரு மலையின் படம் இருந்தது. பெயர் அசாமா. ஜப்பானின் நடுவில், டோக்கியோவிலிருந்து ரயிலில் போய்வந்துவிடலாம் என்பார். உச்சியில் இப்போதும் புகை. அக்கா அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால், ஊரில் விட்டுவிட்டு வந்த ஒரு முரட்டுச் சொந்தக்காரரின் உடல்நிலையைச் சொல்வது போல இருக்கும்.

குழல்புட்டு கொண்டுவருகிற நாளில் மதியச் சாப்பாட்டில் எரிமலை நிச்சயம். அடுக்கு எரிமலை என்றால் என்ன என்று எனக்குப் புரிந்ததே அந்தப் புட்டால்தான். மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறி வருகிற மாதிரி, எரிமலைக் குழம்பு வழிந்து இறுகிய பாறை ஓர் அடுக்கு, விழுந்த சாம்பலும் கல்லும் ஓர் அடுக்கு, மறுபடி குழம்பு. இப்படிக் குவிந்து உயர்ந்துகொண்டே போகும், உயர்ந்தது ஒரு காலத்தில் சரியும். அசாமா ஒரு மலையே இல்லை, மூன்று என்பார். முதலில் நின்ற பெரிய மலையின் ஒரு பக்கம் இருபதாயிரம் வருஷங்களுக்கு முன்பே இடிந்து, இடிந்தது சமவெளிவரை ஓடிப் போய்விட்டது. மேற்கே லாட வடிவத்தில் ஒரு சுவர்தான் மிச்சம். அதற்குக் கிழக்கே இன்னொன்று எழும்பியது. அதன்மேல் இப்போது புகைகிற உச்சி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அது மிகப் பெரிதாக வெடித்திருக்கிறது. ஆனால் ஜனங்கள் மறக்காதது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெடித்ததைத்தான்.

அது திடீரென்று வரவில்லையாம். வசந்தத்தில் தொடங்கி மலை குமுறும், சாம்பல் கொட்டும், ஓயும், மறுபடி குமுறும். அப்படியே கோடை வந்துவிட்டது. அப்போதே ஓடிப் போயிருக்கலாமே என்று நான் கேட்டேன்.

"மூண்டு மாசம் முழங்கினா ஆக்கள் பழகிப்போவினம் தம்பி," என்றார் அக்கா. "சாம்பலைக் கூட்டித் தள்ளிப்போட்டு வயலுக்குப் போவினம். நாங்களும் அப்பிடித்தானே இருந்தனாங்கள்."

உச்சக்கட்டத்தில் கிழக்குப் பக்கம் முழுக்க நுரைக்கல் மழை. அதற்கு அடுத்த காலையில் வடக்குச் சரிவிலிருந்து பெயர்ந்து வந்தது அடிவாரக் கிராமத்தை மூடியது. நெருப்புக் குழம்பு வந்து எரித்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். வெகுகாலம் ஆராய்ச்சிக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்களாம். தோண்டிப் பார்த்தால் வீட்டு மரங்கள் பெரும்பாலும் கருகவே இல்லை. வந்தது மண். மலை தன் சொந்தச் சரிவையே வாரிக்கொண்டு வந்து ஊரின்மேல் கொட்டியிருக்கிறது, சூடான பாறை அங்கங்கேதான். அக்காவின் ஆராய்ச்சி அந்த மண்ணைப் பற்றியதுதான்.

ஊரை ஒட்டி ஒரு மேடு, மேட்டில் கருணைத் தெய்வத்துக்கு ஒரு சின்னக் கோயில், ஏறுவதற்குக் கல்படிகள். படியேறிவிட்டவர்கள் பிழைத்தார்கள். இன்றைக்குப் போனால் மேலே பதினைந்து படிகளோ என்னவோதான் தெரியும், மற்றதெல்லாம் மண்ணுக்குள். பிற்காலத்தில் அதைத் தோண்டியபோது கீழ்ப்படிகளில் இரண்டு பெண்களின் எலும்புகள் கிடைத்தன. ஒருத்தி வயதானவள், ஒருத்தி இளையவள். இளையவள் மற்றவளை முதுகில் சுமந்துகொண்டிருந்தாள்.

தாயும் மகளுமா, மாமியாரும் மருமகளுமா, யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அக்கா படிக்கிற காலத்தில் அந்தப் படிகளில் நின்றிருக்கிறார். இளையவள் தனியாக ஓடியிருந்தால் மேலே போய்ச் சேர்ந்திருப்பாளா என்று அப்போது கணக்குப் போட்டுக்கூடப் பார்த்தாராம். போய்ச் சேர்ந்திருப்பாள் என்றுதான் வந்ததாம். இதைச் சொன்ன பிறகு அவர் மீதிப் புட்டைச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் என் மகள் படித்தாள். ஏதோ ஒரு விழாவுக்கு, பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். நான்தான் அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். அக்கா நன்றாகவே பேசினார். சமையல்சோடாவும் வினிகரும் வைத்து ஒரு சின்ன எரிமலையைப் பொங்க வைத்தார். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். படிகளின் கதையையும் சொன்னார். அப்போது எட்டு வயதான என் மகள் கையைத் தூக்கி, ஆங்கிலத்தில், ஏன் அந்த வயதானவரைக் கீழே இறக்கி வைக்கவில்லை என்று கேட்டாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அக்கா கோபப்படவில்லை. அவள் முகத்தையே பார்த்துச் சொன்னார். "இறக்கி வைச்ச ஆக்களும் இருந்திருப்பினம் பிள்ளை. அவையின்ர எலும்பு படியில கிடைக்காது. ஏனெண்டா அவை மேல ஏறியிட்டினம்."

மகளுக்கு அது புரிந்ததா தெரியாது. பின்வரிசையில் இருந்த பெற்றோர் இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களும் அக்காவின் ஊர் இருந்த வன்னிப் பக்கத்திலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள் என்று பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

அன்று மனைவியையும் மகளையும் வேறு காரில் அனுப்பிவிட்டு, அக்காவை நானே வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மன்னிப்புக் கேட்டேன். வேண்டாம் என்றார். சிவப்பு விளக்குகளில் நின்று நின்று போகிற அந்த அரை மணி நேரத்தில், நான் கேட்காமலேயே தன் கதையைச் சொன்னார்.

சமாதானமாக இருந்த சில வருஷங்களில், அப்பாவின் செத்த வீட்டுக்கென்று ஜப்பானிலிருந்து ஊருக்குப் போயிருக்கிறார். அம்மாவைத் தனியே விட மனமில்லாமல் தங்கிவிட்டார். பிறகு ஊரைவிட்டு வெளியேறுகிற பாதை மூடிவிட்டது, சண்டை வந்துவிட்டது. போரின் கடைசி மாதங்களில் ஊர் ஊராக இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். அம்மாவுக்குக் காலில் காயம், நடக்க முடியாது. மகள் முதுகில் தூக்கிக்கொண்டார். ஒரு நாள் வெட்டவெளியில் போகும்போது ஷெல் குண்டு விழத் தொடங்கியது. எல்லாரும் ஒரு மண் அணையை நோக்கி ஓடினார்கள்.

"இறக்கிப்போட்டு ஓடினனான் தம்பி," என்றார். "அந்தப் படியில நிண்டு கணக்குப் பாத்த ஆள்தானே நான்."

அம்மா சாகவில்லை. பின்னால் வந்த ஒரு டிராக்டர்க் குடும்பம் அவரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. வெகுநாள் கழித்து அகதி முகாமில் தேடிக் கண்டுபிடித்தபோது, அந்தக் குடும்பத்தில் அவர்தான் அம்மா. வேறொரு பெண் அவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். தன் தாயை ஷெல்லில் இழந்தவள். அசாமாவிலும் அப்படித்தான் நடந்தது என்றார் அக்கா. மனைவியை இழந்தவனையும் கணவனை இழந்தவளையும் சேர்த்து, தாயில்லாப் பிள்ளையைப் பிள்ளையில்லாதவர்களிடம் கொடுத்து, பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் புதுக் குடும்பங்கள் அமைத்தார்களாம். அந்தப் பெண்ணிடமிருந்து அம்மாவை வாங்கிக்கொண்டு வரும்போது தனக்குக் களவெடுத்தது போல இருந்தது என்றார்.

வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் இறங்கவில்லை. "நான் ஓடின அதே மாசியிலதான் அசாமாவும் வெடிச்சது. டோக்கியோ வரைக்கும் சாம்பல். என்னோட படிச்சவள் ஈமெயில் போட்டிருந்தாள், மலை எழும்பியிட்டுது, கெதியா வா எண்டு. முகாமால வந்து கனநாளைக்குப் பிறகுதான் அதை வாசிச்சனான்."

ஷெல் விழுந்த அந்த நாளைப் பற்றித் தாயும் மகளும் ஒரு வார்த்தையும் பேசிக்கொண்டதில்லையாம். முகாமிலும் இல்லை, விசா கிடைத்து இங்கே வந்த பிறகும் இல்லை.

வீட்டுக்குள் போய்ப் பார்த்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆளைத் துணியில் தூளி மாதிரி ஏந்தி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகிற ஹொயிஸ்ட் இயந்திரம் ஒன்றை அரசாங்கம் கொடுத்திருந்தது. அதன் கம்பியில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. பராமரிக்க வருகிற பெண்கள் ஆளைக் கையால் தூக்கக் கூடாது, அது அவர்களுக்குக் கண்டிப்பான விதி. அவர்கள் இருக்கிற நேரத்துக்கு மட்டும் துண்டை எடுத்துவிட்டு இயந்திரத்தை உருட்டுவார்கள். மற்ற நேரமெல்லாம் அக்காவின் முதுகுதான். எண்பதைத் தாண்டிய அம்மாவைக் கட்டிலிலிருந்து குளியலறைக்கு, குளியலறையிலிருந்து முன்னறை நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து முற்றத்து வெயிலுக்கு அவர்தான் சுமந்தார். அம்மா வாயைத் திறக்காமல் சுமக்கப்படுவார். அந்த முகத்தில் இருந்தது நன்றியா, அலுப்பா, வேறெதுவுமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அதற்குப் பிறகு அலுவலகத்தில் அரிசி மூட்டையை நான் நடித்துக் காட்டவில்லை.

அப்படியே எத்தனை காலம் போகும்? ஒரு காலையில் குளியலறையில் அக்காவின் முதுகு பிடித்துக்கொண்டது. சுமந்தபடியே இரண்டு பேரும் விழுந்தார்கள். பராமரிக்கிற பெண் வந்து கதவைத் தட்டும்வரை ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார்கள். அம்மாவுக்குச் சிராய்ப்பு மட்டும். அக்காவுக்கு முதுகெலும்பில் தட்டு விலகியிருந்தது. இன்னொரு முறை இப்படி ஆனால் வீட்டில் இரண்டு சக்கர நாற்காலிகள் வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கச் சொன்னார்கள். அக்கா முடியாது என்றார். இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மறுபடி தூக்கத் தொடங்கினார். "இன்னொருக்கா நான் இறக்கமாட்டன்" என்று என்னிடம் சொன்னார். எனக்கு அப்போது அவர்மேல் கோபம்தான் வந்தது. நீங்களும் விழுந்துவிட்டால் அம்மாவை யார் பார்ப்பார்கள் என்று சத்தம் போட்டேன்.

அம்மா வீட்டில் இருப்பதா, இல்லத்துக்குப் போவதா என்று முடிவெடுக்க மதிப்பீடு செய்கிற நர்ஸ் ஒருவர் வந்தார். "நீங்கள் ஒருக்கா வந்து பக்கத்தில இருங்கோ தம்பி" என்று அக்கா கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். இந்த மாதிரிச் சந்திப்பில் குடும்பத்தார் மொழிபெயர்க்கக் கூடாது. போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டு, மேசைமேல் வைத்துவிடுவார்கள். யார் பேசினாலும் அவர் 'நான்' என்றே மொழிபெயர்ப்பார், அறையில் பேசுகிற எதையும் விட மாட்டார். அன்று வந்தது யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிற ஓர் இளம்பெண்ணின் குரல்.

எங்கே இருக்க விருப்பம் என்று நர்ஸ் அம்மாவைக் கேட்டார். அம்மா இங்கேதான் இருப்பா என்று அக்கா முந்திக்கொண்டார். அவரே சொல்லட்டும் என்றார் நர்ஸ், தன்மையாகத்தான்.

அம்மா போனைப் பார்த்தார். "பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுவீரோ?"

"ஓம் அம்மா, சொல்லுங்கோ."

"இவள் தான் என்னை இறக்கிவிட்டவள் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறாள். இவள் இறக்கேல்ல. நான்தான் கழுத்தில இருந்த கையை விட்டனான். விடாட்டி ரெண்டு பேரும் அதிலயே முடிஞ்சிருப்பம். அதுக்காக என்னைச் சுமந்து சுமந்து இவள் சாகத் தேவையில்ல."

நான் கையை விட்டேன் என்று குரல் ஆங்கிலத்தில் சொன்னது. நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தக் கை, எப்போது என்று பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இத்தனை வருஷத்துப் பாரம் இறங்கிவிட்டது, இனி அழுது தீர்ப்பார் என்றுதான் நினைத்தேன். அக்கா அழவில்லை.

"தெரியும் அம்மா," என்றார். "நீங்கள் கையை விட்டது எனக்குத் தெரிஞ்சது. முதுகு லேசானதும் தெரிஞ்சது. திரும்பினா திரும்பவும் தூக்க வேணும். அதால நான் திரும்பேல்ல."

அந்தப் பெண் அதையும் மொழிபெயர்த்தாள். விதி அப்படி. என் முதுகு லேசாயிற்று, நான் திரும்பவில்லை என்று, சற்று முன்பு தாயாகப் பேசிய அதே குரல் இப்போது மகளாகப் பேசியது. எனக்கு எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது.

அம்மா மகளைப் பார்த்துச் சொன்னார்.

"நீ திரும்பிப்போடக் கூடாது எண்டுதான் பாத்துக்கொண்டு கிடந்தனான். நீ திரும்பேல்ல. இப்பவும் திரும்பாதை பிள்ளை."

லைன் அறுந்துவிட்டதா என்று நர்ஸ் கேட்டார். இல்லை என்றது குரல். பிறகு, நான் இல்லத்துக்குப் போகச் சம்மதிக்கிறேன் என்று மட்டும் சொன்னது. அம்மா சொன்னதில் அந்தப் போன் பெண் மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டது அந்த ஒரு பேச்சைத்தான். அதற்காக நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

இல்லத்தில் சேர்க்கிற அன்று கார் ஓட்டியது நான். அறையில் துணிமணியை அடுக்கி வைத்தார் அக்கா. சாமிப் படத்தை மாட்டினார், அம்மாவின் கன்னத்தைத் தடவிவிட்டு வெளியே வந்தார். தாழ்வாரம் நீளமானது. கையில் ஒன்றும் இல்லாமல் அவர் நடந்து நான் அன்றுதான் பார்த்தேன். கண்ணாடிக் கதவு திறந்தது, காரில் ஏறினார். எடுங்கோ தம்பி என்றார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் அறை ஜன்னல் தெரிந்தது. யாரிடமோ தன் நாற்காலியை அவர் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைக்கச் சொல்லியிருந்தார். அக்கா திரும்பியிருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்திருக்க முடியாது.